அலை எட்டாத அலமாரி

கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே கிடக்கும் பேக்கப், உண்மையில் பேக்கப் அல்ல. குடும்பப் படங்கள், நிலப் பத்திரங்கள், தொழில் கணக்குகள் ஆகியவற்றைக் காப்பாற்ற எந்த டிரைவை வாங்குவது? அதைவிட முக்கியமாக, எங்கே வைப்பது? கடல் அரிக்கும் ஓர் எல்லைக் கிராமத்திலிருந்து பார்த்தால் விடை தெளிவாகிறது.

பொழியூரில் கேரளம் முடிகிறது. திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென்கோடி மீனவக் கிராமம் இது. மணலோரமாகவே தென்கிழக்கே நடந்தால் நீரோடி வந்துவிடும். அது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது விழுந்த கோடு, இரு ஊர்களுக்கும் நடுவே போகிறது. கோட்டின் இரு பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. இரு பக்கமும் ஒரே கடல்.

அந்தக் கடல் எல்லையை மதிப்பதில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி கேரளக் கரையையும் கன்னியாகுமரிக் கரையையும் ஒருசேரத் தாக்கியது. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் இரு மாநில மீனவர்களையும் ஆழ்கடலில் வைத்தே பிடித்தது. 2024 மார்ச் 31-ந் தேதி காற்றும் மழையும் இல்லாமல் கடல் எழும்பி திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை மாவட்டக் கரைகளில் வீடுகளுக்குள் புகுந்தது. இப்படித் திருடனைப்போல் வரும் அலைக்கு மலையாளத்தில் 'கள்ளக்கடல்' என்று பெயர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே எங்கோ வீசிய புயலின் அலை இங்கே வந்து மோதுவதுதான் காரணம். இந்தப் பெருநிகழ்ச்சிகள் போக, ஆண்டுதோறும் பருவமழைக் காலத்தில் நடக்கும் கடலரிப்பு தனிக்கதை. பொழியூரிலிருந்து நீரோடிக்குப் போகும் கடலோரச் சாலையே அதில் சிதைந்திருக்கிறது. உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் 18,685 குடும்பங்களை மேட்டு நிலத்துக்கு மாற்ற, 2,450 கோடி ரூபாயில் 'புனர்கேகம்' என்ற திட்டத்தையே கேரள அரசு தீட்ட வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட கரையில் ஒரு சுவர் விழும்போது என்னென்ன போகிறது? பாத்திரம், கட்டில், டிவி. இவற்றைத் திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் நிலப் பத்திரம், படகுப் பதிவு, பிள்ளைகளின் சான்றிதழ், கல்யாணப் படங்கள்? கடலில் காணாமல் போனவரின் உடல் கிடைக்காத குடும்பத்துக்கு, அவர் இருந்தார் என்பதற்கு மிஞ்சும் சாட்சி காகிதமும் படமும்தான். நிலப் பத்திரத்துக்கு மலையாளத்தில் 'ஆதாரம்' என்றே பெயர்.

இன்று இவற்றில் பெரும்பகுதி செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. கொஞ்சம் விவரமானவர்கள் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி அதிலும் நகல் எடுத்து வைக்கிறார்கள். பிறகு அந்த டிஸ்க்கை எங்கே வைக்கிறார்கள்? கம்ப்யூட்டர் மேஜையின் இழுப்பறையில். அல்லது பத்திரங்கள் இருக்கும் அதே பீரோவில். அலை வந்தால் மூன்றும் ஒன்றாகப் போகும். தீயானாலும் திருட்டானாலும் அப்படியே.

பெரியவர்கள் செய்த தவறு

இது ஏழை வீட்டின் அறியாமை மட்டுமல்ல. 2021 மார்ச் 10-ந் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து சாம்பலானது. காப்பு நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26-ந் தேதி தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 'ஜி-டிரைவ்' அமைப்பில் 858 டெராபைட் தகவல்கள் அழிந்தன. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே நகல் எடுக்கவில்லை என்று சொல்லப்பட்டது. கம்ப்யூட்டரில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாட்டின் கதை இது.

தமிழருக்கு இந்தப் பாடம் புதிதும் அல்ல. 1981 மே மாத இறுதியில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அன்றோடு போயின. ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேமிக்கும் 'நூலகம்' திட்டம் 2005-ல் தொடங்கியதற்குப் பின்னால் அந்த நெருப்பின் நினைவு இருக்கிறது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது ஒரே ஒரு சுவடியை வைத்து அல்ல. பல ஊர்களிலிருந்து வந்த பிரதிகளை ஒப்பிட்டுத்தான். ஒரு ஊரின் ஏட்டைச் செல்லரித்தாலும் இன்னொரு ஊரில் பிரதி இருந்தது.

இதையே இன்று '3-2-1' விதி என்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்தியது. எந்தத் தகவலுக்கும் 3 பிரதிகள், அவை 2 வகைக் கருவிகளில், அவற்றில் 1 வேறு இடத்தில். மூன்றாவது எண்ணைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

வேறு இடம் எது?

பொழியூர்க்காரருக்கு நீரோடியில் தங்கை வீடு இருக்கலாம். வேறு மாநிலம், வேறு மாவட்டம், வேறு ரேஷன் கார்டு. ஆனால் டிரைவை அங்கே வைப்பதில் பலனில்லை. மாநிலம் மாறினாலும் கடல் மாறவில்லை. அதைவிட, அதே தாலுகாவில் கடலை விட்டு உள்ளே, தேசிய நெடுஞ்சாலை மேல் இருக்கும் பாறசாலையில் ஒரு நண்பர் வீடு எவ்வளவோ மேல். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ படிக்கும் பிள்ளையின் அறை இன்னும் மேல்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு தூரம் என்பதல்ல. ஒரே ஆபத்து இரண்டு இடத்தையும் தாக்குமா என்பதுதான். சென்னையில் ஒரே ஏரியின் வெள்ளம் பாயும் இரண்டு பேட்டைகள், மும்பையில் ஒரே அடுக்குமாடியின் இரண்டு மாடிகள், இவை தனித்தனி இடங்கள் ஆகா. கடலுக்குத் தப்பிய இடம் ஆற்றுக்குத் தப்பாமல் போகலாம் என்பதால், எங்கே வைத்தாலும் தரைத்தளம் வேண்டாம். மாடி அலமாரி நல்லது.

மிகத் தொலைவும் உதவாது. வளைகுடாவில் இருக்கும் அண்ணனிடம் கொடுத்தனுப்பிய டிரைவ், அவர் இரண்டு வருடம் கழித்து விடுமுறைக்கு வரும்வரை புதுப்பிக்கப்படாது. மாதம் ஒருமுறையாவது நீங்கள் இயல்பாகப் போய்வரும் இடமாக இருக்க வேண்டும்.

பாங்க் லாக்கர் ஒரு நல்ல வழி. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகளின்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு வந்தால் லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்குவரைதான் வங்கியின் பொறுப்பு. இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பே இல்லை. எனவே கடலோரக் கிளை லாக்கரில் வைப்பது, பீரோவிலிருந்து இன்னொரு பீரோவுக்கு மாற்றுவதுதான்.

எந்த டிரைவ்?

கடைக்குப் போனால் மூன்று வகை காட்டுவார்கள்.

முதலாவது, கையடக்க ஹார்டு டிஸ்க். உள்ளே வட்டத் தகடுகள் சுழல, அவற்றின் மேல் மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளியில் ஒரு முனை ஓடி எழுதுகிறது, படிக்கிறது. 1 முதல் 6 டெராபைட் வரை கிடைக்கும். ஒரு டெராபைட்டுக்கு ஆகும் செலவில் இதுவே மலிவு. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. காற்றழுத்தத்தைச் சமன் செய்ய ஒரு சிறு துளையும் உண்டு. வெள்ளத்தில் மூழ்கினால் அதன் வழியே நீர் புகும். உப்பு நீரில் நனைந்த டிஸ்க்கை, காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கம்ப்யூட்டரில் செருகிவிடவே கூடாது. மின்சாரம் கொடுக்காமல் தகவல் மீட்பு நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, எஸ்எஸ்டி. சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. பஸ்ஸிலும் பைக்கிலும் கொண்டுபோக ஏற்றது, வேகமும் அதிகம். ஆனால் இதில் தகவல் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. மின் இணைப்பே இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் அது மெல்லக் கசியும். தொழில்துறைத் தரவிதிப்படி, எழுதி எழுதித் தன் ஆயுளை முடித்த சாதாரண எஸ்எஸ்டி கூட மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், வெப்பம் ஏற ஏற இந்தக் காலம் குறையும். நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் ஐந்து வருடம் மறந்துவிட இது ஏற்றதல்ல.

மூன்றாவது, பென் டிரைவ். கொண்டுபோக வசதி, காப்பு நகலுக்கு இதை நம்பக் கூடாது. இதில் போடப்படும் சிப்கள் பெரும்பாலும் மலிவுத் தரம்.

ஆகவே முடிவு இப்படி: ஸ்டுடியோ, டைலரிங் யூனிட், பள்ளி அலுவலகம்போல் தகவல் ஏராளமாகச் சேரும் இடத்துக்கு ஹார்டு டிஸ்க். ஒரு கல்யாணத்தின் 4கே வீடியோவும் படங்களும் மட்டுமே பல நூறு ஜிபி வரும். கம்ப்யூட்டரே இல்லாமல் எல்லாம் செல்போனில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு டைப்-சி இணைப்புள்ள எஸ்எஸ்டி. இதை இன்றைய பெரும்பாலான செல்போன்களில் நேராகச் செருகிப் படங்களை மாற்றிவிடலாம். ஹார்டு டிஸ்க்கைச் சுழற்றும் அளவு மின்சாரத்தைப் பல செல்போன்கள் தருவதில்லை.

கடையில் கவனிக்க

கொள்ளளவு: இப்போது இருப்பதைப்போல் இரண்டு மடங்கு வாங்குவது நல்லது. 1 டெராபைட் டிரைவ் கம்ப்யூட்டரில் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ஆல் எண்ணுகிறது. அவ்வளவுதான்.

வேகம்: கையடக்க ஹார்டு டிஸ்க் விநாடிக்குச் சுமார் 120 எம்பி எழுதும். 1 டெராபைட் நிரம்ப இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். விநாடிக்கு 500 எம்பி எழுதும் எஸ்எஸ்டிக்கு அரை மணி சொச்சம். ஆனால் பழைய யுஎஸ்பி 2 சொருகியில் மாட்டினால் எந்த டிரைவானாலும் ஏழெட்டு மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டர் பழையதென்றால் அதிவேக எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் பணம் வீண்.

மின்சாரம்: 2.5 அங்குல டிரைவ் யுஎஸ்பி கேபிளிலேயே ஓடும். 3.5 அங்குலப் பெரிய டிரைவுக்குத் தனி அடாப்டர் வேண்டும். ஊர் விட்டு ஊர் போகும் நகலுக்குச் சிறியதே சரி.

போலி: ஆன்லைனில் '16 டெராபைட் எஸ்எஸ்டி' அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் வாங்க வேண்டாம். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு சிறு மெமரி கார்டு இருக்கும். பொய்யான கொள்ளளவைக் காட்டி, நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதிவிடும். 'எச்2டெஸ்ட்டபிள்யூ', 'எஃப்3' போன்ற இலவச மென்பொருள்கள் டிரைவை முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். புது டிரைவில் முதல் வேலையாக இதைச் செய்யலாம்.

வாரண்டி: மூன்று வருடம், ஐந்து வருடம் என்று அட்டையில் போட்டிருப்பது டிரைவுக்குத்தான், உள்ளே இருக்கும் படங்களுக்கு அல்ல. கெட்டுப்போனால் புது டிரைவ் தருவார்கள். அது காலியாக இருக்கும்.

ஒன்று போதாது

வாங்குவதானால் ஒன்றல்ல, இரண்டு. முடிந்தால் வெவ்வேறு கம்பெனி. 2023-ல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வரிசையின் சில கையடக்க எஸ்எஸ்டிகள் திடீர் திடீரெனச் செயலிழந்து, அதைச் சரிக்கட்ட மென்பொருள் திருத்தம் வெளியிட நேர்ந்தது. பெயர்பெற்ற கம்பெனிக்கும் இப்படி நேரும். ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் இரண்டும் ஒரே குறையோடு வந்திருக்கலாம்.

ஒரு டிரைவ் வீட்டில், இன்னொன்று பாறசாலையில். மாதம் ஒருமுறை வீட்டில் உள்ளதில் புதிதாக நகல் எடுத்து, அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கே இருப்பதை எடுத்து வர வேண்டும். அதிகபட்ச இழப்பு ஒரு மாதத் தகவல்தான். கல்யாண சீசனில் ஸ்டுடியோக்காரர் வாரம் ஒருமுறை மாற்றலாம். முதல் தேதி, சம்பள நாள், மாதாந்தரச் சீட்டு என்று ஏதாவது ஒரு நாளோடு முடிச்சுப் போட்டுவிட்டால் மறக்காது.

நகல் எடுத்து முடிந்ததும் டிரைவைக் கழற்றிவிடவும் வேண்டும். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற கிருமி மென்பொருள் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, கேரளத்தில் வயநாடு மாவட்டம் தரியோடு பஞ்சாயத்து அலுவலகமும் தப்பவில்லை. இந்த வகைக் கிருமி கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டும். எப்போதும் செருகியே கிடக்கும் டிரைவ் இந்த ஆபத்துக்கு உதவாது.

பூட்டும் சாவியும்

வேறொருவர் வீட்டில் வைக்கும் டிரைவில் உங்கள் ஆதார் அட்டையும் பாங்க் விவரமும் குடும்பப் படங்களும் இருக்கும். நண்பர் நல்லவர்தான், அவர் வீட்டுக்கு வரும் திருடனைப் பற்றி உத்தரவாதம் இல்லை. எனவே டிரைவை மறைகுறியாக்கிப் பூட்ட வேண்டும். விண்டோஸின் புரோ பதிப்பில் 'பிட்லாக்கர்' இருக்கிறது. மேக்கில் அதற்கான வசதி உள்ளேயே உண்டு. எந்தக் கம்ப்யூட்டருக்கும் 'வெராகிரிப்ட்' இலவசம்.

ஆனால் பாஸ்வேர்டு தொலைந்தால் தகவலும் தொலைந்தது; கம்பெனியாலும் திறக்க முடியாது. அதை ஒரு தாளில் எழுதி, டிரைவ் இல்லாத வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கடலுக்குப் போகிறவர் மட்டும் அறிந்த பாஸ்வேர்டு, அவர் திரும்பாத நாளில் குடும்பத்துக்கு உதவாது.

உப்புக்காற்று யுஎஸ்பி முனைகளை அரிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், புது செருப்புப் பெட்டியோடு வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வைத்தால் போதும். கேபிளையும் கூடவே வைக்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் அந்தக் கேபிள் கடைகளில் கிடைக்காது போகலாம்.

ஸ்கேன் செய்தால் செல்லுமா?

பத்திரத்தின் ஸ்கேன் அசல் பத்திரமாகாது. ஆனால் அசலை மீட்கும் வழி அதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், ஆவண எண், ஆண்டு ஆகிய மூன்றும் தெரிந்தால் 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டத்தின்படி சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்யலாம். மூன்றும் பத்திரத்தின் முகப்பிலேயே இருக்கின்றன. ஸ்கேன் இல்லாதவர் வருடக்கணக்கில் பதிவேடுகளைத் தேட வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு சான்றிதழ்களை இழந்தவர்களுக்காகக் கேரள அரசு ஊர் ஊராக 'அதாலத்' நடத்திப் புதியவற்றைக் கொடுத்தது. அங்கும் எண்ணைக் கையில் வைத்திருந்தவருக்கு வேலை எளிது.

2015-ல் தொடங்கிய மத்திய அரசின் 'டிஜிலாக்கர்' இன்னொரு துணை. அதில் அரசு அலுவலகமே நேரடியாக வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமமாகச் செல்லும். நாமே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்தத் தகுதி இல்லை. எல்லைக் கிராமத்தில் ஒரே குடும்பத்தின் காகிதங்கள் இரு மாநில அலுவலகங்களில் இருக்கும். எது எந்த அலுவலகம் என்று ஒரு பட்டியல் எழுதி அதையும் டிரைவில் போட்டு வைப்பது நல்லது.

எல்லாவற்றையும் இன்டர்நெட்டில், 'கிளவுடில்' போட்டுவிட்டால் என்ன? போடலாம், டிரைவுக்குப் பதிலாக அல்ல, டிரைவோடு கூட. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. 500 ஜிபி படங்களை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற நாலரை நாளுக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும். மாதச் சந்தா நின்றாலும் சிக்கல். இரண்டு வருடம் தொடப்படாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். ஆனால் பத்திரம், சான்றிதழ், அடையாள அட்டைகளின் ஸ்கேன் சில நூறு எம்பிக்குள் அடங்கும். இவற்றை மட்டும் இரண்டு இடத்திலும் வைப்பது எளிது.

திறந்து பார்த்தீர்களா?

கடைசியாக ஒரு சினிமாக் கதை. 1998-ல் பிக்சார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப் டேப் இருக்கிறது என்று நிம்மதியாக எடுத்துப் பார்த்தால், அது ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை. யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. படத்தைக் காப்பாற்றியவர் கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். கைக்குழந்தை இருந்ததால் அவர் வீட்டிலிருந்து வேலை செய்தார். அதற்காக ஒரு பிரதி அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு படம் வெளிவந்தது.

கோடிக்கணக்கில் செலவிட்ட ஏற்பாடு கைவிட்டது. வேறு வீட்டில் இருந்த ஒரு பிரதி கைகொடுத்தது. பிக்சாருக்கு அது அதிர்ஷ்டம். மற்றவர்கள் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை. டிரைவை மாற்றும் ஒவ்வொரு முறையும் பத்துக் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய கல்யாணப் படம் ஒன்று, பத்திரம் ஒன்று, போன மாதக் கணக்கு ஒன்று. ஐந்து வருடம் ஆன டிரைவுக்கு, நன்றாக ஓடினாலும், ஓய்வு கொடுத்துவிடலாம்.

பொழியூரில் ஆனி, ஆடி மாதங்களில் கடல் சீறும்போது கரையோர வீட்டார் எதை முதலில் தூக்குவது என்று யோசிக்க நேரம் இருப்பதில்லை. குழந்தையையும் முதியவரையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவதே பெரிது. ஓடுகிறவர் பீரோவை நினைத்துத் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் பாறசாலையில், ஒரு நண்பரின் மாடி அலமாரியில், அந்தச் சின்ன டப்பா.